இடது கன்னம்

டைல்ஸ் கடைக்கு மேல்மாடி.
சனிக்கிழமைகளில் மட்டும்
யாழ்ப்பாணத்திலிருந்து டொக்டர் வருவார்.
கிளிநொச்சியில் இப்படியொரு கதிரை இருப்பது
கீழே சீமெந்து ஏற்றுகிறவர்களுக்குக்கூடத் தெரியாது.

முதலில் முழங்கைக்குக் கீழே ஒரு சின்னக் குத்து.
ஒத்துக்கொள்ளாவிட்டால் தடிக்குமாம்.
இருபது நிமிடம்
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
லீசிங் கட்டாதவன் வீட்டு வாசலில் நின்று
அவனுடைய மோட்டார்சைக்கிளைப் பார்ப்பதுபோல.

தடிக்கவில்லை.

"ஏன் நிரப்பினீங்கள்? ஷெல் காயமோ?"

இருபது வருசமாக இந்தக் கேள்விக்கு
நான் ஓம் என்றதில்லை. இல்லை என்றதுமில்லை.
தலையை ஒருபக்கம் சரிப்பேன்.
அது போதும்.
மீள்குடியேறின வருசம்
பதிவெடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்தார்,
பேனையால் ஒரு சரி போட்டார்.
ஐந்து கோழி, ஒரு கூடு, ஒரு மூட்டை தீவனம்.
பக்கத்தில் அண்ணன் நின்றான்,
இடுப்பெலும்புக்குள் இரும்போடு.
வெளியில் ஒன்றும் தெரியாது.
அவனுக்குச் சரி விழவில்லை.

கோழிகளை அவன்தான் வளர்த்தான்.
முட்டையையும் அவன்தான் விற்றான்.
ஒன்றும் சொல்லவில்லை,
"உன்ரை பள்ளம் நல்லா முட்டையிடுது" என்பதைத் தவிர.

போன ஆவணியில் சீட்டுக்காசு விழுந்தது.
வவுனியாவில் ஜெயரூபியின் சலூனுக்கு
மாதமொருமுறை கொழும்பிலிருந்து ஒருத்தி வருவாள்.
ஒரு மில்லி. எண்பத்தையாயிரம்.
"ஒரு வருசம் நிக்கும், பிறகு தானாப் போயிடும்" என்றாள்.
கேள்வியும் போய்விடும் என்று நான் நினைத்தேன்.

முதல் கிழமை வழுவழுவென்று இருந்தேன்.
ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு அது இறங்கத் தொடங்கியது,
பள்ளத்தை விட்டுவிட்டு
வாயோரமாய் வந்து குந்திக்கொண்டது.
சிரித்தால் பாக்கு அடக்கினமாதிரி.
மனேச்சர் பல்லுக்கு மருந்தெடுக்கச் சொன்னார்.
இப்போது பள்ளமும் இருந்தது, மேடும் இருந்தது.

டொக்டர் சின்னக் குப்பியொன்றைத் தட்டினார்.
அடியில் வெள்ளையாய் ஏதோ, உப்புப் பொருக்குமாதிரி.
சேலைன் விட்டதும் காணாமற்போனது.
"இது உங்கட சொந்தத்திலையும் கொஞ்சத்தைக் கரைக்கும்.
பயப்பிடாதேங்கோ.
உடம்பு ரெண்டு மூண்டு நாளிலை திரும்பச் செய்துபோடும்."

எந்தச் சொந்தம் என்று நான் கேட்கவில்லை.

ஐந்து இடத்தில் குத்தினார்.
செவ்வெறும்புக் கூட்டில் முகத்தை வைத்தமாதிரி.
பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பிசைந்தார்.
உள்ளே கட்டி இளகுவதை
உட்கன்னத்தில் நாக்கு வைத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் சொன்னேன், பாதி விறைத்த வாயால்:

"ஷெல் இல்லை டொக்டர். குழாய்க்கிணறு.
ரெண்டாயிரத்து மூண்டு, சமாதான காலம்.
எனக்கு ஒன்பது வயசு.
கைபிடியிலை தொங்கிக்கொண்டிருந்தனான்.
கை வழுக்கிப் போச்சு.
அது மேலை வந்தது."

அவர் பிசைவதை நிறுத்தவில்லை.
"பம்புக் கைபிடி" என்று நேர்சைப் பார்த்துச் சொன்னார்.
படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை.
ஓரத்தில், குறுக்காக எழுதினாள்.

வீட்டுக்கு வந்தபோது கன்னம் நாவற்பழ நிறம்.
அண்ணன் ஐஸ்கட்டியைப் பழைய சாரத்தில் சுற்றித் தந்தான்.
"எவ்வளவு எடுத்தவை?"
"முப்பத்திரண்டு."
"போடுறதுக்கு எண்பத்தைஞ்சு, எடுக்கிறதுக்கு முப்பத்திரண்டு."
தன் இடுப்பைத் தட்டினான்.
"இதைக் கரைக்கவும் ஏதும் இருக்கோவெண்டு
கேட்டிருக்கலாமே."
சிரித்தேன். கன்னம் அதற்கு இன்னும் தயாரில்லை.

செவ்வாய் காலை பள்ளம் வந்திருந்தது,
விட்ட இடத்திலேயே,
நித்திரைகொண்டு எழும்பினமாதிரி, கொஞ்சம் ஊதி.

பஸ்ஸில் கொண்டக்டர்ப் பொடியன் குனிந்து பார்த்தான்.
"ஷெல்லே அக்கா?"
"இல்லைத் தம்பி. குழாய்க்கிணறு."
எல்லாம் விளங்கினவன்போலத் தலையை ஆட்டினான்.
முன்சீற்றில் இருந்தவனை எழுப்பி
என்னை இருத்தினான்.

பரந்தன் தாண்டும்வரை
நான் எழும்பவில்லை.