இரண்டாம் கியரில்

மாலை நாலு இருபது வண்டி. ஏற்காட்டிலிருந்து இறக்கம்.
என்ஜின் மூடியை ஒட்டிய சீட்டில் ததேயூஸ்,
மடியில் தங்கச்சி கொடுத்தனுப்பிய காப்பிக்கொட்டை மூட்டை.
தெற்கே, கடலோர அணுஉலையில் ஷிப்டு வேலையாம்.

இருபதாவது வளைவில் கேட்டேன்:
"அங்க எதைத்தான் எரிக்கிறீங்க?"

"எரிக்கிறதில்லண்ணே, உடையுது.
கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு போய் முட்டினா
யுரேனியக் கரு ரெண்டாப் பிளக்கும்.
கூடவே ரெண்டு மூணு தெறிச்சு அடுத்ததை முட்டும்.
பிளந்த துண்டுங்க வெறிபிடிச்சு ஓடி
அக்கம்பக்கத்தையெல்லாம் இடிக்கும்.
அந்த இடிதான் சூடு.
மிச்சமெல்லாம் இட்லிக் குண்டான் கதை.
தண்ணி, ஆவி, ஆவி தள்ளுற சக்கரம்."

பதினாலில் ஒரு கார் ஏறி வந்தது.
ஏறுகிறவனுக்குத்தான் வழி. நின்றேன்.
"இப்படி நிறுத்த முடியுமா?"
"கம்பி இறங்கினா ரெண்டு செகண்டுல நின்னுரும்."

குரங்கு ஒன்று கைப்பிடிச்சுவரில் ஓடியதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"உடையறது நிக்கும். சூடு நிக்காது.
உடைஞ்ச துண்டுங்க அடங்கணும்ல?
நூத்துக்கு ஆறேழு பங்கு அப்பவும் இருக்கும்.
குறையும்... ஆனா நாள்கணக்கா, வருசக்கணக்கா
தண்ணிக்குள்ளயே வெச்சுப் பாக்கணும்."

எனக்கு இது தெரியாததா?
புதுப் பையன் மூணாவது கியரில் இறக்கி
பிரேக்கை மிதித்தே வந்தால்
அடிவாரத்தில் வண்டி நிற்கும்;
டிரம் புகையும்.
பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

"கரண்டு போனா தண்ணியை யாரு தள்ளுவா?"
"டீசல் ஜெனரேட்டர்."
"அது நனைஞ்சா?"
"மேட்டுலதான் வெச்சிருக்கோம்."
"எவ்வளவு மேடு?"

பின்சீட்டில் யாரோ வாந்தி எடுத்தார்கள்.
கண்டக்டர் மாதையன் மண் வாளியைத் தேடினான்.
அறுபதடிப் பாலம் தாண்டும்வரை
கேள்வி எங்கள் நடுவே, என்ஜின் மூடிமேல்
காய்ந்துகொண்டு கிடந்தது.

"பயமில்லையா உனக்கு?"
"பயப்படுறவனைத்தாண்ணே ஷிப்டுல போடணும்."
"போடுறாங்களா?"
காப்பி மூட்டையின் முடிச்சை அவிழ்த்து
மறுபடி கட்டினான்.

அஸ்தம்பட்டியில் இறங்கும்போது
ஒரு பிடி கொட்டை கொடுத்தான், காகிதத்தில் மடித்து.

டெப்போவில் விளக்குகள் எரிந்தன.
அதில் எத்தனை அவனுடையதோ,
மேட்டூர்க் கரியோ, காற்றாலையோ,
வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.
வண்டியை அணைத்து அரைமணி கழித்து
பின்சக்கரத்தின் அருகே குனிந்தேன்.
இருபது வளைவும் இரண்டாம் கியரில்தான் வந்திருக்கிறேன்.
கையை நீட்டினேன்.
தொடவில்லை.
தொடாமலே தெரிந்தது.