பெயர் திருத்தம்

மாயவரம் பஸ்ஸில் படித்தது:
ஆட்சி கைக்கு வந்தால் முதல் வேலை என்ன
என்று கேட்டதற்கு, பழைய சீனத்தில் ஒருவர்
பெயர்களைச் சரிசெய்வேன் என்றாராம்.
பேரளம் தாண்டும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

நன்னிலம் ஆபீசில் அறிக்கை அடிக்கிறேன்.
ஆவணியில் வாய்க்காலுக்கு வராத தண்ணீர்
முறைப்பாசனம்.
கார்த்திகையில் வயலை விட்டுப் போகாத தண்ணீர்
உபரி.
ஆற்றின் வயிற்றை லாரியில் ஏற்றினால்
தூர்வாரல்.
தண்ணீரைப் போல இரு என்று
வேறொரு சீனர் சொன்னாராம்.
எந்த மாதத்துத் தண்ணீர்
என்று கேட்க ஆளில்லை.

லஸ்கர் அமிர்தகடேசன் வந்தார்.
முழங்கால்வரை சேறு,
பாலிதீன் பையில் கேஜ் நோட்டு.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்:
'தையநாயகி வயல் முழுகிப்போச்சு.
ரெண்டு நாளா அங்க அடுப்பு எரியலை.'

என் கட்டத்தில் அதே வயல்
முப்பத்திரண்டு சதவீதம்.
முப்பத்துமூன்றில்தான்
அழுகலுக்குச் சேதம் என்று பெயர்.

இரண்டை அழித்து மூன்றைத் தட்டினேன்.
பெயர் சரியாகிவிட்டது.
எண் பொய்.
மற்ற பொய்கள் போகிற வழியிலேயே
இதுவும் கலெக்டர் ஆபீஸ் போகும்.
எண்களைப் பற்றி அந்தச் சீனர்
ஏதாவது சொல்லியிருக்கிறாரா?
புத்தகம் பையில் இருக்கிறது.
பையில் சாம்பார் கொட்டியிருக்கிறது.

'கதிரை யாரும்மா எண்ணுனது?'
நோட்டை மூடிக்கொண்டே கேட்டார் அமிர்தகடேசன்.
பதிலுக்கு நிற்கவில்லை,
நாலாம் ஷட்டரை ஏற்ற வேண்டுமாம்.

மூன்றுக்குப் பக்கத்தில்
கர்சர் விட்டுவிட்டுத் துடிக்கிறது.
வெளியே மறுபடி தூறல்,
அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.