மிளகளவு

மாதக் கடைசி வியாழன். முஸ்த்வே நூலகத்தின் பின்னறை.
ஏழு நாற்காலி, ஒரு புரொஜெக்டர்,
ஈரக் காலுறைகள் காயும் ரேடியேட்டர்.
விதி ஒன்றுதான்:
படத்தைக் காட்டுகிறவர்
அதை எப்படிச் செய்தார் என்பதையும்
பொய்யில்லாமல் சொல்ல வேண்டும்.

முதலில் உர்மாஸ். திரையை அடைத்துக்கொண்டு
ஒரு வெங்காயம்,
உள்ளுக்குள் யாரோ குடியிருப்பதுபோல் எரிகிறது.
"பின்னால் கைவிளக்கு, நடுவே கேக் சுடும் காகிதம்,
முன்னால் ஒன்றுமில்லை" என்றார்.
நாற்பத்தாறு தடவை.
முதல் வெங்காயத்தை மனைவி சூப்பில் போட்டுவிட்டாராம்.
இது அதன் தம்பி.
திருத்தம்?
"வேர்மயிரில் மூன்றை மழித்தேன்."

அடுத்து மருந்துக்கடை லேலோ.
இருட்டுக் கொட்டகை; படகின் அடிவயிற்றுக்குப்
பற்றவைக்கிறான் அவள் அண்ணன்.
வேறு விளக்கு கிடையாது, அந்தப் பொறிதான்.
முக்காலியை மணல் வாளியில் புதைத்து,
எட்டில் ஒரு நொடி, மூச்சடக்கி.
"சுவரில் நாட்காட்டி ஒன்று தெரிந்தது,
கருப்பாக்கிவிட்டேன்."
இருந்திருந்தால் அழகுதானே, என்றார் யாரோ.
"அது அக்டோபரிலேயே நிற்கிறது" என்றாள்.
அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை.

என் முறை.
பெய்ப்ஸி ஏரி, பிப்ரவரி. காற்று தள்ளித் தள்ளிக்
குவித்த பனிக்கட்டி மேடு, இடுப்புயரம்,
லாரி லாரியாகக் கண்ணாடி கொட்டியதுபோல.
மூன்று வாரம் காற்றுத் திசையைப் பார்த்திருந்தேன்.
சூரியன் எந்தப் பிளவில் எட்டிப்பார்க்கும் என்று
மளிகைச் சீட்டின் பின்புறம் கோடு போட்டேன்.
ஐந்தரைக்கு எழுந்து, மைனஸ் பத்தொன்பதில்,
பேட்டரியை அக்குளில் இடுக்கிக் காப்பாற்றி,
கரையிலிருந்து முந்நூறு அடி.
எதிர்வெயில் வந்ததும்
பனி பச்சையாகப் பற்றிக்கொண்டது.

"திருத்தம்?"
நீலத்தைக் குறைத்தேன். பிறகு
மேட்டுக்கு அப்பால் ஒரு கரும்புள்ளி, மிளகளவு.
மீன்பிடிக்கிற எவனோ.
மூன்று நொடியில் துடைத்துவிட்டேன்.
சொல்லும்போது விரலை வேறு சொடுக்கினேன்.

கடைசியில் தானெல்; பஸ் ஓட்டுகிறவன்,
போன மாதம்தான் சேர்ந்தான்.
படம் திரையில் விழுந்தது.
அதே மேடு.
மறுபக்கம்.
இருட்டிலேயே ஏரிமேல் நடந்து போய்
சூரியனை முதுகில் வாங்கி எடுத்திருக்கிறான்.
எனக்குப் பச்சையாய்த் தெரிந்தது
அவனுக்கு ரோஜா நிறம்.
தேதி சொன்னான். எனக்குக் காது சுட்டது.
"பெரிதாக ஒன்றும் திருத்தவில்லை.
கரைப்பக்கம் சிவப்பாய் ஏதோ
கண்ணை உறுத்தியது, எடுத்துவிட்டேன்."

ஆணியில் தொங்கிய என் கோட்டை
முதலில் திரும்பிப் பார்த்தவள் லேலோ.

சிரித்து ஓய வெகுநேரமாயிற்று.
உர்மாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு தானெல், கேட்காமலேயே,
தொடாத கோப்பைத் திறந்து பெரிதாக்கினான்:
நான். பல்லில் ஒரு கையுறை.
ஒரு காலைத் தூக்கி, மறுகாலில் குதித்து,
யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறவள்
குளிருக்கு ஆடும் ஆட்டம்.

வீட்டுக்கு வந்து என் கோப்பைத் தேடினேன்.
கட்டம் கட்டமாய் உதிரும்வரை
மிளகைப் பெரிதாக்கினேன்.
குந்தியிருக்கிறான். கையில் பிளாஸ்கின் மூடி.
அதிலிருந்து எழும்பும் ஆவிக்கு மட்டும்
வெயில் பொன்பூசியிருக்கிறது.
அப்படி ஒளியமைக்க எனக்கு
ஒருநாளும் வந்ததில்லை.

ஏப்ரல் கண்காட்சியில்
புள்ளி இல்லாத படத்தைத்தான் மாட்டினேன்.
என்ன சொன்னாலும் அதுதான் நல்ல படம்.
கீழே அட்டையில், வழக்கம்போல:
எஃப் பதினொன்று. நூற்றில் ஒரு நொடி. முக்காலி.
நீக்கியது: பஸ் ஓட்டுநர் ஒருவர், தேநீருடன்.

பக்கத்துச் சுவரில் அவன் அட்டை,
பால்பாயின்ட் பேனாவில், எழுத்துப்பிழையோடு.
நீக்கியது: ஒரு சிவப்பு கோட்.
ஆடிக்கொண்டிருந்தது.