பச்சை பியூஸ்

ஞாயிற்றுக்கிழமை சிப்பாங் ஓடுதளத்தில் இறங்கப் போகிறது அவன் காடி.
வெள்ளி சாயங்காலம்
பகாவ் பழைய சாலையில் என் பட்டறைக்குள் நுழைத்து,
பல் பிடுங்கச் சொல்கிறவன் தாடையைத் திறப்பதுபோல
பானெட்டைத் தூக்கி,
"ஏபிஎஸ்ஸைக் கழட்டி விடுங்கக்கா" என்றான்.

யுகேந்திரன். செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கிறவன்.
இரண்டே பேர் உட்காரும் சிவப்புக் காடி,
இன்னும் ஆறு வருடத் தவணை.

"என் காலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு தரகன் எதுக்கு?
வளைவுக்கு முன்னாடி டயர் முனகும்.
அந்த முனகல்வரைக்கும் மிதிக்கணும்,
அதுக்கு மேல ஒரு இழைகூட ஆகாது.
நான் அதைக் காது கொடுத்துக் கேக்கிற நேரத்துல
இந்தப் பெட்டி கடகடன்னு பேசுது."

தரகன். சொல் எனக்குப் பிடித்திருந்தது.
ஆனாலும் சொன்னேன்:
இவனைப் பிடுங்கினால் இவன் மட்டும் போகமாட்டான்.
முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்று
பங்கு பிரிக்கிறவனையும் கூட்டிக்கொண்டு போவான்.
பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால்
உன் வால் உன்னை முந்தும்.

சிரித்தான்.
"சரி, அளந்து பார்ப்போம்" என்றேன்.

மறுநாள், லோரிகள் ஓய்ந்தபின்,
எடைமேடைக்குப் போகும் ஆலைச் சாலை.
நேப்பாளக் காவலாளி கேட்டைச் சாத்திவிட்டு
எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.
கோன் கிடையாது.
லோரியிலிருந்து விழுந்த செம்பனைக் குலைகளைப் பொறுக்கி
பத்தடிக்கு ஒன்றாக ஓரத்தில் வைத்தேன்.
முள் குத்தியது.
எண்பதில் வர வேண்டும், முதல் குலையில் மிதிக்க வேண்டும்.

பியூஸோடு மூன்று தடவை.
ஒன்பதைத் தொட்டு நின்றது,
ஒன்பதைத் தொட்டு நின்றது,
ஒன்பதைத் தொட்டு நின்றது.
அரசாங்க குமாஸ்தாவைப் போலச் சலிப்பாக.

பிறகு அந்தப் பச்சைத் துண்டைப் பிடுங்கினேன்.
டாஷ்போர்டில் மஞ்சள் விளக்குகள் விழித்தன.
முதல் ஓட்டம் பத்தரைக் குலை,
நீலப் புகை, தாரில் இரண்டு கருங்கோடு.
இரண்டாவது,
ஒன்பதுக்கு ஒரு முழம் இந்தப் பக்கமே நின்றுவிட்டது.
இறங்கி ஓடிவந்து அந்த முழத்தைக் கையால் அளந்தான்,
யாரோ அவன் பேருக்கு எழுதிக்கொடுத்த நிலம்போல.
மூன்றாவதில் எட்டாவது குலை நசுங்கியது.
காடி குறுக்கே நின்றது, மூக்கு வடிகாலைப் பார்த்து.

"அந்த ஒரு முழம், அக்கா!"
"அந்த எட்டாவது குலை" என்றேன்.

டயரில் ஒரு இடம் தட்டையாகத் தேய்ந்திருந்தது.
திரும்பும்போது டப், டப், டப் என்று
காடி நொண்டியது. அவனுக்கு அது கேட்கவில்லை.

கடைசியில் ஒரு பேரம்.
சிப்பாங் வாசல்வரைக்கும் பியூஸ் அதன் இடத்திலேயே இருக்கும்.
அங்கே மாடு கிடையாது, எல்லாரும் ஒரே திசை.
அங்கே நீயே கழற்று, நீயே மாட்டிக்கொண்டு வா.
இருபது ரிங்கிட் வாங்கினேன்.
பியூஸ் பிடுங்கும் குறடு இனாம்.

பட்டறையை அடைத்துவிட்டு என் பழைய புரோட்டோனில் ஏறினேன்.
முப்பது வயதாகிறது அதற்கு.
கழற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.
தரகனும் நானே, கூலியும் நானே.

தோட்ட வளைவில், இருட்டோடு இருட்டாகப் படுத்திருந்தது
ஒரு கறுப்பு மாடு.
மிதித்தேன் விட்டேன் மிதித்தேன் விட்டேன் மிதித்தேன்.
ஒரு விநாடியில் என் கால் மூன்று தடவை செய்ததை
அந்தப் பெட்டி பதினைந்து தடவை செய்யும்.
முன்விளக்குக் கண்ணாடியில் மாட்டின் மூச்சு படிந்தது.
அது எழவில்லை. அசைபோட்டது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு
முழங்கால் நடுக்கம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
எனக்கு யாராவது ஒன்றை மாட்டிக் கொடுத்தால்
ஜென்மத்துக்கும் கழற்றமாட்டேன் என்று நினைத்தேன்.
பிறகு, யாரும் சொல்லாமலே
என் கால் விட்டு விட்டு மிதித்ததை நினைத்தபோது
கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

அதை யுகேந்திரனிடம் சொல்லப்போவதில்லை.