ஆறு சென்ட்

ரூபே நகரத்தில் மழை வானத்திலிருந்து பெய்வதில்லை,
செங்கல் சுவர்களிலிருந்து கசிகிறது.
மூடிப்போன சலவைக்கடையின் மாடியில்
எங்கள் கடன் சங்கம்.
ஏறி வருகிறவர்களுக்கு மூச்சிரைக்கும்.
அதனாலோ என்னவோ
முதல் இரண்டு நிமிடம் யாரும் பொய் சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழு.
வன்ஹூத் ஐயா திரையில் கணக்கைக் காட்டினார்:
எழுநூறு யூரோ கடனுக்கு
ஓராண்டில் வரும் வட்டி இருபத்தேழு.
விசாரித்து, கொடுத்து, நினைவூட்டி, வசூலித்து முடிக்க
ஆகும் செலவு இருநூற்றுப் பதினான்கு.
"ஆளுக்கு நூற்று எண்பத்தேழு யூரோ நட்டம்."
கெட்ட மனிதரில்லை.
'ஆளுக்கு' என்னுமிடத்தில் குரல் இறங்கிற்று.
மானியம் தருகிற வங்கி எழுதிவிட்டதாம்:
மூன்றாண்டுக்குள் சொந்தக் காலில் நில்லுங்கள்.
இதையேதான் நாங்களும்
படியேறி வருகிற எல்லோரிடமும் சொல்கிறோம்.

இடைவேளையில் பூசணி சூப்.
அவர் மீசையைத் துடைத்துக்கொண்டபோது
கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை
என்று வாய்விட்டே வந்துவிட்டது, தமிழில்.
என்ன சொன்னாய் என்றார்.
சூப் நன்றாயிருக்கிறது என்றேன்.

செலவுப் பட்டியலின் பதினேழாம் வரி:
'பணியாளர்'.
மற்ற வரிகளெல்லாம் சேர்ந்தாலும் அதை எட்டாது.
அந்த வரி நான்.
என் வீட்டு வாடகை, என் மகனின் பல் கம்பி,
காரைக்காலுக்கு இரண்டு வருடத்துக்கொரு டிக்கெட்.
எழுநூறு யூரோ கடனை விலையேற்றுவது
தாளோ மையோ அல்ல,
நான் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம்.
கேட்பதை நிறுத்தினால் கடன் மலிவாகும்.
நிறுத்திய கிளைகளில் பணம் திரும்பி வரவில்லை.
இதைத் திரையில் எந்தக் கட்டத்தில் போடுவது?

வாக்கெடுப்பு. ஐந்துக்கு நான்கு.
இனி ஆயிரம் யூரோவுக்குக் கீழே கடனில்லை.
எனக்கு வாக்கில்லை, குறிப்பெடுக்கிறவள்.
'தீர்மானம் நிறைவேறியது' என்று
ஒற்றுப்பிழையில்லாத பிரெஞ்சில் எழுதினேன்.

வியாழக்கிழமை கெய்ரா வந்தாள்.
லீல் நகர அலுவலகங்களைத் துடைக்க
விடியற்காலை நாலரைக்குள் போய்ச் சேரவேண்டும்,
மெட்ரோ அதற்கப்புறம்தான் கண்விழிக்கும்.
போன கடனில் வாங்கிய மொபெட்டை
கடைசித் தவணை கட்டிய பதினோராம் நாள்
யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.
"கட்டி முடிக்கிறவரை திருடன்கூடப் பொறுத்திருந்தான்,"
என்று சிரித்தாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.
வேண்டியது எழுநூறு.

ஆயிரமாக எழுதலாம், என்றேன்.
என்னைப் பார்த்தாள்,
கடையில் கேளாத பொருளைப் பையில் போட்டவனைப்
பார்ப்பதுபோல.
"அந்த முந்நூறு யாருடையது?"
உன்னுடையதுதான்.
"என் வீட்டுக்குள் வந்தால் அது என்னுடையதாயிருக்காது.
அண்ணனுடையது, மின்சாரத்துடையது,
பிள்ளையின் காலணியுடையது.
திருப்பும்போது மட்டும் என்னுடையது."

விதியை விளக்கினேன்.
சங்கம் நிலைக்கவேண்டும் என்றேன்,
நிலைத்தால்தான் அடுத்தவருக்குக் கொடுக்கமுடியும் என்றேன்.
உண்மைதான்.
உண்மை இவ்வளவு நீளமாயிருக்குமென்று
நினைக்கவில்லை.
கைப்பிடி உடைந்த குடையைச் சுழற்றியபடி
யோசித்தாள்.
கையெழுத்திட்டாள்.

மறுநாள் காலை, வேலை முடித்த கையோடு
திரும்ப வந்தாள். விரல்களில் ப்ளீச் வாடை.
உறையில் முந்நூறு,
தைத்து மூடியிருந்தாள், ஊசி நூலால்.
"இராத்திரி யாரும் பிரிக்கக்கூடாதே."
கத்தரிக்கோல் தேடினேன்.
ரசீது கேட்டாள், கொடுத்தேன்.

மாத அறிக்கையில் அது பச்சையாக மின்னியது:
சராசரிக் கடன் தொகை உயர்வு,
முன்கூட்டியே திருப்பியது முப்பது சதவீதம்.
வன்ஹூத் ஐயா அந்த வரியைத்
தடித்த எழுத்தாக்கச் சொன்னார்.
ஆக்கினேன்.

தைத்த உறைக்குள் தூங்கிய பணத்துக்கு
ஓர் இரவு வட்டி ஆறு சென்ட்.
வேண்டாம் என்றுதான் சொன்னேன்.
பையின் அடியில் துழாவி
ஐந்தொன்று, ஒன்றொன்று என
மேசையில் வைத்தாள்.
பெட்டியில் போட மனம் வரவில்லை,
போடாவிட்டால் கணக்கு இடிக்கும்.

போட்டேன்.
கணக்கு நேராயிற்று.