யார் பேருக்கு

மாயவரம் பஸ்ஸை விட்டு இறங்கியதும்
ஓலை பார்க்கலையா என்று மூன்று பேர்
என் இடது கட்டைவிரலைக் கேட்டார்கள்.
அது ஏற்கெனவே ரொம்பச் செலவாகிவிட்டது.
திருவிடைமருதூர் பதிவாளர் ஆபீஸில் ஒரு தடவை,
பாகம் வேண்டாமென்று தம்பிக்கு எழுதிக்கொடுத்தபோது.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இன்னொரு தடவை,
அதே தம்பிக்கு.

கோபுரவாசல் கடையில் தட்டு நிறைய உடம்பு.
ஜோடிக் கண், மடங்காத முழங்கால்,
யாரைப் பார்த்தும் சிரிக்காத பல்வரிசை,
மேலெல்லாம் புள்ளி குத்தி
அம்மை போட்ட ஒரு முழு ஆள்.
கிட்னி இருக்கா என்றேன்.
செவந்தியப்பன் டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடினார்.
"அதுக்கு அச்சு இல்லம்மா.
வயிறு வாங்கிக்குங்க, உள்ளாறதானே கிடக்குது.
வைத்தியருக்குத் தெரியாதா?"

வயிறென்றால் பிள்ளைவரம் என்று
எடுத்துக்கொண்டுவிட்டால்?
நாற்பத்தாறு முடிந்துவிட்டது எனக்கு.

காது ஒன்று ஒதுங்கிக் கிடந்தது.
பக்கவாட்டில் திருப்பினேன்.
ஸ்கேன் படத்தில் டாக்டர்
பேனா முனையால் சுற்றிக் காட்டிய
அதே மொச்சை வளைவு.
நூற்றிருபது ரூபாய்க்குக் காதை வாங்கினேன்.

"யார் பேருக்கு? நட்சத்திரம்?"
குருக்களுக்கு அவசரம்.
வரிசை முதுகில் இடித்தது.
நாற்பத்தாறு வருஷம் மகம்.
நாற்பத்தெட்டு நாளாகப் பூராடம்.
கை மாறினால் பட்டா மாறும்,
நட்சத்திரமும் மாறுமா?
ஐஸ் துண்டுகளுக்கு நடுவே
யார் உடம்பிலும் இல்லாமல்
அது கிடந்த அரைமணி நேரத்தை
எந்த நட்சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

"சாமி பேருக்குன்னு சொல்லுங்களேன்"
என்றாள் பின்னால்
உப்பு மிளகுப் பொட்டலத்தோடு நின்றவள்.
அவளுக்கு எத்தனை மணி பஸ்ஸோ.
சொன்னேன்.

தையல்நாயகி சந்நிதியில்
விலாவில் தையல் சுள்ளென்றது.
நின்று, பிடித்துக்கொண்டு,
உண்டியல் வாயில் காதைப் போட்டேன்.
நிறையக் கண்கள் கிடந்திருக்க வேண்டும் உள்ளே,
தகடு தகட்டில் மோதும் சத்தம்.

குளத்துப் படியில்
வெல்லம் கரைத்துக்கொண்டிருக்கையில் போன்.
அவன் இல்லை, அவன் பெண்டாட்டி.
"நேத்து ஆயிரத்து எண்ணூறு மில்லி போயிருக்கு அண்ணி."
பக்கத்தில் அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது.
செருமுவான். பேசமாட்டான்.
வரப்பு வெட்டிய வருஷத்திலிருந்து அப்படித்தான்.

"எங்க இருக்கீங்க, ஒரே சத்தமா இருக்கு?"
கடைத்தெருவில் என்றேன்.
ஒரு சாமான் வாங்க வேண்டியிருந்தது.