ஏழாம் குறி

அர்ஸெல்லா மோட்டன்,
உன்னைப் பழுது என்று எழுதியவள் நான்.

பிலடெல்பியா. எழுபத்தொன்று, பிப்ரவரி.
ஆற்றோரம் இசைத்தட்டு வார்க்கும் ஆலை, இரவுப் பணி.
நீராவி அச்சுகள் வாய் திறந்து மூடும்;
கருங்களி உருண்டை ஒன்று விழும்,
இருபத்தெட்டு நொடியில் தட்டாகி வரும்
ஓரப் பிசிறோடு, தொட்டால் சுட.

ஐம்பதில் ஒன்று எனக்கு.
கண்ணாடிக் கூண்டு, ஊசி, குறை எழுத ஒரு படிவம்.
முக்காலி இருந்தது. நின்றே கேட்பேன்,
உட்கார்ந்தால் கண் சொக்கிவிடும்.
ஒன்று: கீறல். இரண்டு: கொப்புளம்.
மூன்று: துளை நடுவில் இல்லை.
இப்படியே போய்
ஏழு: இசையல்லாத ஓசை.

பாட்டுக் கேட்கச் சம்பளமா என்று
தெருவில் பொறாமைப்படுவார்கள்.
பாட்டை நான் கேட்டதேயில்லை.
பாட்டுக்குள் பாட்டில்லாததைத் தேடினேன்,
காராமணியில் கல் பொறுக்குவதுபோல.

'மிச்ச வாடகை'. உன் முதல் தனித் தட்டு.
அதுவரை நீ
மூன்று பெண்களில் இடப்பக்கம் நின்று
ஊ என்று இழுத்தவள், அவ்வளவுதான்.
முதல் பக்கம், மூன்றாம் பாட்டு.
'அவன் திரும்பி வந்தால்' என்று ஏறுகிறாய்,
ஏறி,
நின்றுவிடுகிறாய்.
ஆர்கன் மட்டும் தனியாக நாலு எட்டு நடக்கிறது.
அப்போது
கிரீச்.
ஒரு மரநாற்காலி.
பிறகு, விட்ட உயரத்திலிருந்து அல்ல,
கீழே எங்கிருந்தோ
'கதவைத் தட்டட்டும்' என்று முடிக்கிறாய்,
பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற குரலில்.

ஏழு என்று எழுதினேன்.
கை நடுங்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு தட்டுகள்.
லேபிளைப் பெயர்த்து, அரைத்து, உருக்கி
மறுநாள் ஒரு போல்காவுக்கு ஊற்றினார்கள்.
ஏதோ ஒரு போலந்துக் கல்யாணத்தில்
அக்கார்டியனுக்கு அடியில்
இன்னும் நீ உட்கார்ந்துகொண்டிருக்கிறாய்.

விடியுமுன் மேற்பார்வையாளர் ஸ்வோபோடா வந்தார்.
'மூலத்திலேயே இருக்கிறதாம்.
பதினோரு மணி நேரம் நின்று பாடியவள்
அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாளாம்.
வெட்டாதே என்று அவளே சொன்னாளாம்.'
என் பென்சிலை என்னிடமே நீட்டி,
'ஏழை அழித்துவிடு, வெர்டெல்.'

அழித்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது.

அன்றிலிருந்து ஆறு வாரம்
அந்த நாலு எட்டு வரை காத்திருந்து
உன்னோடு சேர்ந்து முக்காலியில் அமர்வேன்.
முழங்கால் இரண்டும் நன்றி சொல்லும்.
படிவத்தில் அதற்கு எண் கிடையாது.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.
பாடகர்கள் மூச்சை அப்படியே விட்டுவைத்தார்கள்,
இருமலை, தண்ணீர் விழுங்குவதை,
பியானோ மிதிகட்டையின் முனகலை.
சிலர் கடைகடையாய் ஏறி
லேசாக ஆடுகிற நாற்காலியாகப் பார்த்து
வாங்கி வந்ததாகவும் கேள்வி.
ஆலை மூடும்வரை படிவத்தில்
ஏழாம் வரியை யாரும் எடுக்கவில்லை.

போன மாதம், ஐம்பத்திரண்டாம் தெரு சலவைக் கடை.
உலர்த்தியின்மேல் ஒரு பையனின் ஒலிபெருக்கி.
கிரீச், முரசு, கிரீச், முரசு.
நூறு முறை உட்கார வைக்கிறார்கள் உன்னை,
ஒரு முறைகூட எழுந்திருக்க விடாமல்.
உன் தலைக்குமேல் யாரோ ஒருவன்
கார் பற்றி வேகவேகமாகப் பேசுகிறான்.

'அது என்ன சத்தம்?' என்றேன்.
'கதவு,' என்றான்.
காதைச் சாய்த்து,
'இல்லை, கப்பலோ என்னவோ.'

நாற்காலி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.
என் துணிக்கு இன்னும் பதினேழு நிமிடம்.
சுவரோரம் ஆரஞ்சு நிற இருக்கை ஒன்று காலி.
உட்கார்ந்தேன்.
பிளாஸ்டிக்.
சத்தமே வரவில்லை.